தெரியாது என்று எழுதும் துணிவு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

வெப்பத்தைப் பற்றி நெய்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் மண்ணுக்குக் கீழே கிடக்கும் பழுப்பு நிலக்கரி ஏறக்குறைய பாதியளவு நீரைச் சுமந்து கொண்டிருப்பது. ஆயினும் அதை வெட்டி எடுத்து வெளியில் குவித்து வைத்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தானே சூடேறும்; கவனிப்பார் இல்லையேல் தானே புகையவும் தொடங்கும். தீக்குச்சி வேண்டியதில்லை. சோவியத் நாட்டின் உதவியோடு 1962-இல் இயங்கத் தொடங்கி 2020-இல் மூடப்பட்ட முதல் அனல்மின் நிலையத்தின் காலந்தொட்டு, சூட்டைக் கண்காணிப்பது எங்கள் வட்டாரத்தில் பலருக்கு அன்றாடப் பிழைப்பு. கரிக்கும் கொதிகலனுக்கும் வெப்பமானி உண்டு. ஆனால் அந்தச் சுற்றுச்சுவருக்கு வெளியே, வடக்குத்தில், சிமெண்டு ஷீட் வேய்ந்த எங்கள் வீட்டின் பின்னறையில், இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் படுத்துறங்கும் ஒப்பந்தத் தொழிலாளியான என் தந்தையின் கட்டிலருகே சூடு எவ்வளவு என்று அளந்தவர் எவருமில்லை. அதை அளக்கப் புகுந்து நான் பட்ட பாட்டையும், அதிலிருந்து எனக்குத் தோன்றிய ஒரு கருத்தையும் சொல்லவே இக்கட்டுரை.

தொலைக்காட்சியில் தினமும் வெப்பநிலை சொல்கிறார்களே என்பீர்கள். உண்மைதான். ஆனால் வானிலை ஆய்வு மையத்தின் வெப்பமானி, காற்றோட்டமான வெள்ளை மரப்பெட்டிக்குள், வெயில் நேரே படாதபடி, திறந்த வெளியில் வைக்கப்பட்டிருப்பது. அப்படித்தான் வைக்க வேண்டும். ஊரோடு ஊரை ஒப்பிட அதுவே முறை. எனினும் என் தந்தை அந்த மரப்பெட்டிக்குள் உறங்குவதில்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பேரிடர் எங்கள் வீட்டுக்குள் எத்தனை மணிக்கு நுழைகிறது என்பதை நாங்கள்தாம் கண்டறிந்தாக வேண்டும்.

என்னிடம் இருந்தவை இரண்டு. ஒன்று, மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது என் அக்காளுக்கு அரசு தந்த மடிக்கணிப்பொறி. பன்னிரண்டாம் வகுப்போடு அக்காளின் படிப்பு நின்று திருமணமாயிற்று. கணிப்பொறி பரணுக்குப் போயிற்று. மற்றொன்று, புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் என் கணக்குக்கு வரும் 1000 ரூபாய். அதில் ஒரு மாதப் பணத்தைக் கொண்டு டிஎஸ்18பி20 என்னும் வெப்ப உணரிகள் மூன்றும், வைஃபை வசதியுள்ள இஎஸ்பி8266 சில்லுப் பலகைகள் இரண்டும் வாங்கினேன். ஒன்று ஷீட்டின் அடிப்பக்கத்தில், ஒன்று கட்டில் உயரத்தில், மூன்றாவது வெளியே வேப்பமர நிழலில். பலகைகள் அளவை ரௌட்டர் வழியாக மடிக்கணிப்பொறிக்கு அனுப்ப வேண்டும். அது வாங்கி எழுதிவைத்துப் படமாக வரைய வேண்டும். திட்டம் இவ்வளவே. ஏணி வைத்து நான் ஒயர் கட்டுவதைப் பார்த்த பக்கத்து வீட்டு அத்தை, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த கரண்டு வேல?" என்றார். அம்மா, "அவ படிப்பு அத்தே" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். என் படிப்பு எதைப் பற்றியது என்று அம்மாவுக்குத் தெரியாது. எனினும் அச்சொல்லே எனக்குப் போதுமானதாயிருந்தது.

பரணிலிருந்து இறங்கிய கணிப்பொறி பழைய இயங்குதளத்தில் தவழ்ந்தது. அதை நீக்கிவிட்டு டெபியன் லினக்ஸ் நிறுவினேன். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர், விழுப்புரத்தில் கிராமப்புற மாணவர்களுக்கு இலவசப் பயிற்சி தரும் லினக்ஸ் பயனர் குழுவுக்குப் போய்வந்த மூத்த மாணவி ஒருவர். 2012 முதல் வெளிவரும் 'கணியம்' மின்னிதழின் தமிழ்க் கட்டுரைகளும் கைகொடுத்தன. பழைய மடிக்கணிப்பொறியில் ஒரு வசதியும் உண்டு. மின்சாரம் போனால் அதன் பேட்டரி, நலிந்ததேயாயினும், அரைமணி நேரம் தாங்கும். தனியே யுபிஎஸ் வாங்க எங்களால் ஆகாது.

இங்கே திறந்த மூல மென்பொருள் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். அது இலவசமாகக் கிடைப்பது மட்டுமன்று. அதை எழுதியவர் எழுதிய மூல வரிகள் அப்படியே நம் கைக்கு வருகின்றன. படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம். இவ்வியக்கத்தின் வேரிலேயே ஒரு பழுதுபட்ட இயந்திரம் இருக்கிறது என்பதை அறிந்தபோது வியந்தேன். அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், அங்கிருந்த பழைய அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்தி, காகிதம் சிக்கிக் கொண்டால் அதற்காகக் காத்திருப்போரின் திரையில் செய்தி தெரியும்படி செய்திருந்தார். 1980-ஐ ஒட்டி ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய அச்சுப்பொறி வந்தது. அதிலும் காகிதம் சிக்கிற்று. ஆனால் அதன் மூல வரிகளைத் தர மறுத்துவிட்டார்கள். கோளாறு கண்ணுக்குத் தெரிகிறது, தீர்க்கும் திறனும் இருக்கிறது, கைவைக்க மட்டும் உரிமையில்லை! அந்தக் கசப்பும் சேர்ந்தே 1983-இல் அவரைக் க்னூ திட்டத்தை அறிவிக்க வைத்தது.

நான் படம் வரையப் பயன்படுத்திய ஆர்ஆர்டிடூல் என்பதற்கும் இத்தகைய பிறப்புக் கதை உண்டு. டோபியாஸ் ஓட்டிக்கர் என்பவர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஆண்டு 1994. வெளியுலகத்தோடு அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு 64 கிலோபிட் இணைப்பு. அதில் எந்நேரம் எவ்வளவு நெரிசல் என்று எல்லோரும் பார்க்கட்டுமே என்று அவர் எழுதிய எம்ஆர்டிஜி என்னும் மென்பொருள் 1995-இல் வெளியாயிற்று. ஆர்ஆர்டிடூல் அதன் வழித்தோன்றல். வட்டப் பாதையில் சுற்றுவது போல் பழைய இடத்திலேயே மீண்டும் எழுதுவதால் அதன் கோப்பு என்றைக்கும் வளராது. ஆண்டு முழுதும் ஓடினாலும் பரண் கணிப்பொறியின் வட்டு நிரம்பாது. அளவுகளை வாங்கித் தரும் மஸ்கிட்டோவும் திறந்த மூலமே. அது பேசும் எம்க்யூடிடி என்னும் நெறிமுறை, எண்ணெய்க் குழாய்களைத் தொலைவிலிருந்து கண்காணிக்க 1999-இல் உருவானது. பாலைவனத்துக் குழாய்க்குப் பிறந்தது வடக்குத்துக் கட்டிலுக்கும் உதவிற்று.

இனி கோளாறுகளுக்கு வருகிறேன். கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் நாள் மாலை வீட்டுக்கு வந்து பார்க்கிறேன். கட்டிலருகே 85 டிகிரி! பதறிப்போய்ப் பின்னறைக்கு ஓடினேன். அப்பா குறட்டை விட்டுக் கொண்டிருந்தார். 85 டிகிரியில் எவரும் குறட்டை விடமாட்டார்கள். பிறகு அந்த உணரியின் விவரத் தாளைத் தேடிப் படித்தபோது புரிந்தது. மின்சாரம் கிடைத்தவுடன் அதன் நினைவில் முதலில் நிற்கும் எண் 85. அளந்து முடிக்க அதற்கு முக்கால் வினாடி வேண்டும். அதற்குள் கேட்டாலோ, இடையில் மின்சாரம் துண்டித்து ஒட்டினாலோ, அளக்காமலே 85 என்று சொல்லிவிடும். நான் பற்றவைக்காமல் முறுக்கி மட்டும் விட்டிருந்த ஒயர் இணைப்பு சூட்டில் தளர்ந்து ஆடியதே காரணம். இன்னொரு நாள் கழித்தல் 127 என்று வந்தது. அது உணரியே சொன்ன எண் அன்று. உணரியைக் காணவில்லை என்பதைத் தெரிவிக்க மென்பொருள் எழுதியவர்கள் வைத்த அடையாளம். மூல வரிகளைத் திறந்து பார்த்ததால் அது தெரிந்தது. மூடிய பெட்டியாயிருந்தால் வெறும் 'பிழை' என்று சொல்லி நின்றிருக்கும், நானும் நின்றிருப்பேன்.

அடுத்தது வலைப்பின்னல். ஒருநாள் மின்தடைக்குப் பின் எல்லா விளக்கும் எரிகிறது, அளவு மட்டும் வரவில்லை. கேபிள்காரரைக் கூப்பிட்டால் "ரௌட்டரை அணைச்சுப் போடும்மா" என்பார். அது எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை தருவதைப் போன்றது. மூத்த மாணவி எனக்குச் சொன்ன விதி வேறு: அருகிலிருந்து தொடங்கு, ஒவ்வொரு கண்ணியாகத் தட்டிப் பார். கணிப்பொறியிலிருந்து ரௌட்டரைக் கூப்பிட்டேன், பதில் வந்தது. கணிப்பொறியிலிருந்து சில்லுப் பலகையைக் கூப்பிட்டேன். அதுவும் உயிரோடுதான் இருந்தது. அப்படியானால் பலகை அனுப்புவது எங்கே போகிறது? பழைய முகவரிக்கு! மின்தடையில் அணைந்து எழுந்த ரௌட்டர், கணிப்பொறிக்கு 5 என்று முடியும் முகவரிக்குப் பதிலாக 7 என்று முடியும் முகவரியைக் கொடுத்திருந்தது. பலகையோ வீடு மாறிப் போனவரின் பழைய கதவையே தட்டிக் கொண்டிருந்தது. ரௌட்டரின் அமைப்பில் கணிப்பொறிக்கென ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கி வைத்தேன். அன்றோடு தீர்ந்தது.

எல்லாவற்றினும் என்னை அலைக்கழித்தது மூன்றாவது கோளாறு. ஒவ்வோர் இரவும் பத்து மணியளவில் அளவுகள் நின்றுவிடும். காலை ஐந்தரைக்கு மீண்டும் வரும். ஒரு வாரம் தேடினேன். பதிவுக் கோப்புகளைப் படித்தேன். பக்கத்து வீட்டு வைஃபை அலைகள் மோதுகின்றனவோ என்று அலைவரிசையை 6-லிருந்து 11-க்கு மாற்றினேன். எட்டாம் நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன். ரௌட்டரில் விளக்கே இல்லை. அம்மா படுக்கப் போகுமுன் சுவிட்சை அணைத்துவிடுகிறார். "ராத்திரியில யாரு பாக்கப் போறா? சூடாவுதுன்னு அணைச்சேன்" என்றார். சூடாவது பற்றி அம்மாவுக்கும் கவலை இருந்திருக்கிறது. முதல் நாளே அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கணிப்பொறியிடம் கேட்டுக் கொண்டிருந்தேன்!

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அந்த எட்டு இரவுகளும் என் படத்தில் எப்படித் தெரிந்தன தெரியுமா? பூச்சியம் என்று இல்லை. முந்தைய அளவையே இழுத்துப் போட்ட நேர்கோடாகவும் இல்லை. வெறும் வெற்றிடமாக இருந்தன. குறித்த நேரத்துக்குள் அளவு வராவிட்டால், ஆர்ஆர்டிடூல் அவ்விடத்தில் 'தெரியாது' என்று எழுதிவைக்கிறது. அந்த வெற்றிடம் இருந்ததால்தான் கோளாறு இருப்பதே எனக்குத் தெரிந்தது.

நண்பர்களே, நம் ஆய்வகக் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். எங்கேனும் ஒரு வெற்றிடம் இருக்கிறதா? லீ வட்டுச் சோதனையை எடுத்துக் கொள்வோம். எளிதில் வெப்பம் கடத்தாத அட்டையின் கடத்துதிறனைக் காண்பது. நீராவி வந்து, வெப்பநிலை நிலைபெறக் காத்திருந்து, பின் தட்டு குளிர்வதை நிமிடம் நிமிடமாய்க் குறிக்க வேண்டும். நேரம் போதாது. தெர்மாமீட்டர் ஒன்று ஒட்டிக் கொள்ளும். விடை எவ்வளவு வர வேண்டும் என்று முன்னாண்டுக் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? நம் அளவை அழித்துவிட்டுப் பக்கத்து மேசையின் அளவை எழுதுகிறோம். பிறரைக் குறைகூறவில்லை, முதலாண்டில் நானும் எழுதினேன். கையெழுத்தும் கிடைத்தது, மதிப்பெண்ணும் கிடைத்தது. என் வீட்டுக் கூரையிலிருக்கும் ஷீட்டும் ஒரு லீ வட்டுதான் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

வீட்டில் பக்கத்து மேசை கிடையாது. எவருடைய அளவையும் பார்த்து எழுத முடியாது. 85 வந்தால் ஏன் 85 என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறிய நம் போன்றோர்க்கு இதில் தனியான இடர் ஒன்றுண்டு. தவறு என்றால் நமக்கு நடுக்கம். வீட்டில் யாரிடம் கேட்பது? வகுப்பில் கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பார்களோ? ஆகவே தெரிந்ததைப் போல் இருந்துவிடப் பழகுகிறோம். கருவிகளையும் அப்படியே நடத்துகிறோம். மூடியைத் திறக்க அஞ்சுகிறோம், கெட்டுப் போனால் வாங்கித் தர ஆளில்லை என்பதால். அந்த அச்சம் நியாயமானதே. எனினும் அதுவே நம் படிப்பு முழுவதும் ஆகிவிடக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிய என் கருவி ஆறு முறை கெட்டது. ஆறு முறையும் நானே காரணத்தைக் கண்டேன். என் குறிப்பேட்டில் உள்ள எந்தச் சோதனையைப் பற்றியும் நான் இப்படிச் சொல்ல முடியாது.

"கடையில் முந்நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் வெப்பமானி கிடைக்கிறதே, இத்தனை பாடு எதற்கு?" என்று என் வகுப்புத் தோழி கேட்டாள். நல்ல கேள்வி. சூடு எவ்வளவு என்று ஒருமுறை பார்க்க அது போதும். என் தந்தை கேட்டது அதனினும் கூர்மையான கேள்வி: "ஏம்மா, சுடுதுன்னு எனக்கே தெரியுமே. கருவி வெச்சா சூடு கொறஞ்சிடுமா?" இதற்கு விடை சொல்ல எனக்கு மே மாதம் முழுவதும் தேவைப்பட்டது.

படம் சொன்ன விடை இது. பின்னறை விடியற்காலையில்தான் மிகக் குளிர்ச்சியாயிருக்கிறது. ஏழு மணிக்கு ஏறத் தொடங்கும் கோடு ஒன்பதரை, பத்துக்குள் 35-ஐத் தாண்டிவிடுகிறது. பிற்பகல் இரண்டு மணிக்குக் கட்டிலருகே 41. ஷீட்டின் அடிப்பக்கம் 58. வெளியே வேப்பமர நிழலில் அப்போது 38 தான்! மாலையில் வெளியே தணிந்த பிறகும் அறை தணிய இரவு எட்டு மணி ஆகிறது. அப்பாவோ வேலை முடிந்து வந்ததும் கடைக்குப் போய், தண்ணீர் பிடித்து வைத்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்குத்தான் படுத்துக் கொண்டிருந்தார். அதாவது குளிர்ந்த நேரத்தையெல்லாம் விழித்துக் கழித்துவிட்டு, அறை கொதிக்கத் தொடங்கும் வேளை பார்த்துக் கண்ணை மூடினார். சுடுகிறது என்று அவர் உடம்பு சொன்னது. எந்த மணிக்குச் சுடத் தொடங்குகிறது என்பதைக் கோடுதான் சொன்னது. அம்மா படத்தை ஒருமுறை பார்த்தார். மறுநாள் முதல் காலைச் சாப்பாடு ஆறரைக்குத் தயாராகிவிட்டது. கடையும் தண்ணீரும் என் பொறுப்பாயின. அப்பா ஏழுக்கெல்லாம் படுத்துவிடுகிறார்.

பிறகு ஷீட்டின் மேல் சுண்ணாம்பு அடித்தோம். வெண்மை வெயிலைத் திருப்பியனுப்பும் என்பது நாம் படித்த பாடமே. ஆனால் குறைந்ததா என்று எப்படி அறிவது? அடித்த மறுநாள் மேகமூட்டமாக இருந்தால் மேகத்தின் புகழைச் சுண்ணாம்பு தட்டிக் கொண்டு போய்விடுமே! அதற்காகத்தான் வேப்பமரத்து உணரி. மர நிழலில் 38 வரை போன நாள்களை மட்டும் பொறுக்கி, முன்னும் பின்னும் ஒப்பிட்டேன். ஷீட்டின் அடிப்பக்கம் 58-லிருந்து 50-க்கு இறங்கியிருந்தது. கட்டிலருகே 41 என்பது 39-க்குக் கீழே வந்திருந்தது. இரண்டே டிகிரிதானா என்று கேட்பவர் ஒரு பிற்பகல் எங்கள் வீட்டில் படுத்துப் பார்க்கட்டும். ஐப்பசி மழையில் சுண்ணாம்பு கரைந்துவிடும். அடுத்த பங்குனியில் மீண்டும் அடிக்க வேண்டும்.

ஆகவே நம் துறைக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குறிப்பேட்டிலும் சோதனைக்கு ஒரு பக்கம், என்ன கெட்டது, ஏன் கெட்டது என்று எழுத ஒதுக்கப்பட வேண்டும். அதற்கும் மதிப்பெண் தரப்பட வேண்டும். அளவு கிடைக்காத இடத்தில் வெற்றிடம் விட்டவனுக்கு, பார்த்தெழுதியவனைவிடக் குறைவாகப் போடக் கூடாது. வாரத்தில் ஒரு பிற்பகல் ஆய்வகத்தைத் திறந்துவைத்தால், பரண்களில் உறங்கும் அரசு மடிக்கணிப்பொறிகளைக் கொண்டுவர நாங்கள் பத்துப் பேர் இருக்கிறோம். நகரியத்துக் குடியிருப்பில் வாழும் தோழி ஒருத்தி, மரங்கள் சூழ்ந்த தன் வீட்டிலும் ஓர் உணரி வைக்க இசைந்திருக்கிறாள். அவள் வீட்டுக் கோடும் எங்கள் வீட்டுக் கோடும் ஒரே தாளில் எப்படி இருக்கும் என்று காண ஆவலாயிருக்கிறேன்.

ஒரு கோளாறு மட்டும் இன்னும் தீரவில்லை. வெள்ளிக்கிழமைக் காலைகளில் மட்டும் பின்னறைப் பலகை ஐந்தாறு நிமிடம் தொடர்பை இழந்துவிடுகிறது. ரௌட்டர் எரிகிறது. வேப்பமரத்துப் பலகை ஒழுங்காகப் பேசுகிறது. அம்மாவிடம் முதலிலேயே கேட்டுவிட்டேன். தாம் ஒன்றும் செய்யவில்லை என்கிறார். இதுவரை ஏழு வெள்ளிக்கிழமைகளில் ஏழு வெற்றிடங்கள். காரணம் ஊகிக்கக் கூடியவர்கள் இயற்பியல் ஆய்வகத்துக்கு வந்து சொன்னால் மகிழ்வேன்.